ஜானவாசக் காரின் நிறம்

கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் பச்சையும் நீலமும் அரக்கும் ஒரே சாம்பலாகத்தான் விழும். இதை நான் காலேஜில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு பழைய காருக்கு என்ன வர்ணம் அடிப்பது என்று எங்கள் வீட்டில் ஆறு மாதம் நடந்த சண்டையில் தெரிந்துகொண்டேன்.

சண்டைக்குக் காரணமான படம் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. அண்ணாவின் ஜானவாசப் படம். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கோட்டும் சூட்டும் மாட்டி, மேல் மூடி இல்லாத காரில் உட்கார்த்தி, நாயனமும் மேளமும் முன்னால் போக, பிள்ளையார் கோயிலிலிருந்து கல்யாண மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்துப்போவது எங்களில் வழக்கம். கார் பெண் வீட்டார் ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டுக் குழந்தை குட்டிகள் எல்லாம் அதில் ஏறிக்கொள்ளும். எனக்கு அப்போது பதினாலு வயது. "தாவணி போட்டுண்டாச்சு, இன்னும் என்னடி கார்ல ஏறறது?" என்று அம்மா திட்டத் திட்ட நானும் ஏறிக்கொண்டேன். படத்தில் அண்ணாவின் தோளுக்குப் பின்னால் ரிப்பன் கட்டிய ஒரு தலை தெரியும். அது நான்தான்.

அண்ணா அந்தப் படத்தில் அழகாக இருப்பான். கோட்டு இரவல், ஆனாலும் அழகு. மாட வீதியே நின்று அவனை வேடிக்கை பார்த்த ஒரே சாயங்காலம் அது. அதற்கு முன்னால் அவனை யாரும் நின்று பார்த்ததில்லை, அதற்குப் பின்னாலும் பார்க்கவில்லை.

எட்டு வருஷம் கழித்து, எழுபதுகளின் நடுவில், கிண்டியில் அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊரில் அப்போது மூடிய கம்பெனி ஒன்றா இரண்டா, வேலை போனதற்கு வெட்கப்பட வேண்டிய காலமே இல்லை அது. ஆனால் அண்ணா வீட்டில் சொல்லவில்லை. நாலு மாதம், தினமும் காலை எட்டு மணிக்கு மன்னி கட்டிக்கொடுத்த டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புவான். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வருவான். நடுவில் எங்கே உட்கார்ந்திருந்தான் என்பது இன்றுவரை எனக்கு முழுசாகத் தெரியாது. எழும்பூர் ஸ்டேஷன் பெஞ்ச், அடையாற்றுப் பாலம், ஏதோ ஒரு லைப்ரரி என்று பிற்பாடு ஒவ்வொன்றாகச் சொன்னான்.

ஒரு நாள் அம்மா கொல்லையில் வழுக்கி விழுந்துவிட்டாள். எங்கள் தெருவில் டெலிபோன் கிடையாது. அண்ணாவுக்குச் சொல்ல மன்னி பஸ் ஏறிக் கிண்டிக்குப் போனாள். கம்பெனி கேட் பூட்டிக் கிடந்தது. கேட்டுக்கு உள்ளே புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. எதிரே டீக்கடையில் விசாரித்தாள். "அது மூடி நாலு மாசம் ஆவுதேம்மா" என்று சொல்லியிருக்கிறார்கள்.

மன்னி திரும்பி வந்து யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அண்ணா வந்ததும் காபி கொடுத்துவிட்டு, "இன்னிக்கு ஆபீஸ்ல என்ன விசேஷம்?" என்று கேட்டாள். அவன் சொன்னான். மேனேஜருக்குப் பல்வலி, மாடியில் ஃபேன் ஓடவில்லை, யாரோ பெண்ணுக்கு நிச்சயம் பண்ணி லட்டு கொடுத்தார். மன்னி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அந்த லட்டு எப்படி இருந்தது என்றுகூடக் கேட்டாள். மறுநாள் காலை பெட்டியை எடுத்துக்கொண்டு தி.நகரில் இருந்த அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தை குட்டி கிடையாது, ஒரு பெட்டியில் எல்லாம் அடங்கிவிட்டது.

"வேலை போனதுக்கு நான் போகலை," என்று வாசல்படியில் நின்று என்னிடம் சொன்னாள். "தினம் சாயங்காலம் கதை சொன்னாரே, நான் உட்கார்ந்து கேட்டேனே, அதுக்குப் போறேன்."

நாத்தனார் என்ற முறையில் அவள் கழுத்தில் மூன்றாவது முடிச்சைப் போட்டவள் நான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் கார் வந்து சேர்ந்தது. அண்ணா ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் சின்னச் சின்னப் பட்டறைகளில் வேலை கேட்டு அலைந்துகொண்டிருந்தான். வேலை கிடைக்கவில்லை. ஒரு ஷெட்டில் தார்ப்பாய்க்குக் கீழே இந்தக் கார் கிடைத்தது. வெள்ளைக்காரன் காலத்து வண்டி, கம்பெனியின் பெயரைச் சொன்னால் அதில் பித்துப் பிடித்தவர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்லவில்லை. நம்பர் பலகையைப் பார்த்ததும் அண்ணாவுக்குத் தூக்கிவாரிப் போட்டதாம். கூடத்துப் படத்தில் மாலைக்குக் கீழே தெரிகிற அதே நம்பர். கம்பெனி கணக்குத் தீர்த்துக் கொடுத்ததில் மிச்சம் இருந்ததையெல்லாம் ஷெட்காரரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

"வேலை இல்லாத மனுஷன் கார் வாங்கிண்டு வந்திருக்கான், ஊர்ல சொன்னா சிரிப்பா" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அண்ணா சிரிக்கவில்லை. படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரிடமும் தன் திட்டத்தைச் சொன்னான். அந்தக் காரை ஜானவாசத்தன்று இருந்தபடியே ஆக்க வேண்டும். அதே சக்கரம், அதே வர்ணம். ஒன்றும் சொல்லாமல் கொள்ளாமல் தி.நகர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். "பார்த்தவுடனே அவளுக்கு அன்னிக்கு மாதிரி ஆயிடும். ஏறி உட்கார்ந்துடுவா, நீ வேணும்னா பாரேன்."

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் நம்பினேன். அம்மாகூட ஒரு வாரத்தில் நம்ப ஆரம்பித்துவிட்டாள். வேறு எதை நம்புவது?

முதல் தகராறு சக்கரத்தில் வந்தது. ஷெட்டில் காரோடு இரண்டு ஜதை சக்கரம் கிடந்தது. ஒன்று சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பி கோத்தது. இன்னொன்று வெறும் இரும்புத் தகடு, நடுவில் கிண்ணம் கவிழ்த்த மாதிரி மூடி. ஷெட்காரரே வண்டி வேலையும் பார்ப்பார், பெயின்ட்டும் அடிப்பார். அவருக்குச் சந்தேகமே கிடையாது.

"தகடே போட்டுக்க சார். கம்பியெல்லாம் துரு ஏறிக்கினு கீது. பாதி ஒடைஞ்சிருக்குது. இன்னாத்துக்கு வம்பு?"

"அன்னிக்கு எது இருந்தது, அதுதான் வேணும்" என்றான் அண்ணா.

"என்னிக்கு சார்?"

அண்ணா அவரிடம் படத்தைக் காட்டினான். படத்தில் சக்கரம் தெரியவில்லை. பக்கவாட்டில் கட்டியிருந்த வாழைக்கன்று பாதியை மறைத்தது, காஸ் விளக்குத் தூக்கிக்கொண்டு வந்தவர்களின் கால்கள் மீதியை மறைத்தன. என் பள்ளிக்கூடத்திலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு கால்களுக்கு நடுவில் ஒரு மெல்லிய கோடு இருந்தது. அது கம்பியாகவும் இருக்கலாம், படத்தில் விழுந்த கீறலாகவும் இருக்கலாம். அந்தக் கோட்டை அண்ணா எத்தனை நாள் பார்த்தான் என்று கணக்கில்லை. பார்க்கப் பார்க்க அவனுக்கு அது கம்பியாகிக்கொண்டே வந்தது.

அந்தக் காரை ஓட்டின டிரைவர் நொச்சிக்குப்பத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணாவும் போனோம். ரோட்டோரம் மீன் கூடைகளைத் தாண்டி, படகு நிழலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். அண்ணா படத்தைக் காட்டி, கல்யாணம் நடந்த மண்டபத்தைச் சொல்லி, நாயனக்காரர் பெயரைச் சொல்லி, "ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான்.

"எந்தக் கண்ணாலம் நைனா?" என்றார் அவர். "ஒரு சீசனுக்கு முப்பது நாப்பது மாப்ளைங்க ஏறி எறங்குவாங்க. அல்லாரும் கோட்டுதான் போட்டுக்கினு இருப்பாங்க."

அண்ணாவின் முகம் விழுந்துவிட்டது. நான் சக்கரத்தைப் பற்றிக் கேட்டேன்.

"கம்பி ஒடைஞ்சா தகடு மாட்டுவோம், தகடு நெளிஞ்சா கம்பி மாட்டுவோம். எது கீதோ அது. ஒரு தபா முன்னால கம்பி, பின்னால தகடு போட்டுக்கினுகூட ஓட்டினேன். பூ கட்டிட்டா எவன் பாக்குறான்?"

"கலர்?"

"மொதலாளி ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு கலர் அடிப்பாரு. பயசுன்னு தெரியக்கூடாதுல்ல."

திரும்பி வரும்போது லஸ் முனையில் அண்ணா, "அவருக்கு வயசாயிடுத்து, ஞாபகம் போயிடுத்து" என்றான். டிரைவருக்கு ஞாபகம் நன்றாகவே இருந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

கடைசியில் கம்பிச் சக்கரம் என்று முடிவாயிற்று. அந்த அளவு டயர் அப்போது எந்தக் கடையிலும் வருவதில்லை. ஊரில் அது இருந்த ஒரே இடம் மாட்டு வண்டிகளின் அடியில். பழைய கார் டயர் போட்டு ஓட்டுகிற மாட்டு வண்டிகளை அண்ணா ரோட்டில் நிறுத்தி, குனிந்து டயர் அளவைப் படிப்பான். வண்டிக்காரர்கள் அவனைப் பைத்தியம் என்று நினைத்து மாட்டைத் தட்டிவிடுவார்கள். ஆடி, ஆவணி இரண்டு மாதமும் இப்படி அலைந்து நாலு டயர் சேர்த்தான். நாலும் நாலு தினுசு.

இதற்கிடையில் ஷெட்காரர் பழைய வர்ணத்தைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். மேலே வெண்ணெய் நிறம். அதைத் தேய்த்தால் நீலம். நீலத்துக்கு அடியில் அரக்கு. அப்புறம் பச்சை. அப்புறம் மறுபடி ஒரு வெண்ணெய். எல்லாவற்றுக்கும் அடியில் கறுப்பு. "இன்னா சார் இது, வெங்காயம் கணக்கா உரிஞ்சுக்கினே போவுது" என்றார். கதவில் தேய்த்த இடம் ஒன்றில் எல்லா நிறமும் வளையம் வளையமாகத் தெரிந்தது. அதில் எந்த வளையம் எங்கள் வருஷம்?

அம்மா அரக்கு என்றாள். "சம்பந்தி மாமி அரக்குல புடவை கட்டிண்டு கார்கிட்ட நின்னா, ரெண்டும் ஒண்ணா இருக்கேன்னு நான் நெனச்சுண்டேன்" என்று ஆதாரம் வேறு சொன்னாள். அண்ணா ஒரு நாள் நீலம் என்பான், மறுநாள் அரக்காகத்தான் இருக்கும் என்பான். காரில் உட்கார்ந்திருந்தவனுக்குக் காரின் வெளிப்புறம் எப்படித் தெரியும்? அவன் பார்த்ததெல்லாம் தன்னைப் பார்த்தவர்களைத்தான். என்னை அவன் தினமும் கேட்டான். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது கேட்பான், அடுக்கி வைத்த கணக்கு நோட்டுகளைத் திருத்தும்போது கேட்பான். எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் காஸ் விளக்கின் சூடும், தொடையில் ஒட்டிக்கொண்ட தோல் ஸீட்டும், பக்கத்துப் பையன் என் ஜடையை இழுத்ததும்தான். நிறம் துளிக்கூட ஞாபகம் இல்லை.

ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "பச்சை," என்றேன். "கரும்பச்சை. எனக்கு நன்னா ஞாபகம் இருக்கு. இனிமே என்னைக் கேட்காதே."

பொய்தான். ஒரு பொய்யால் இரண்டாகப் போன வீட்டில், தொந்தரவு விட்டால் போதும் என்று இன்னொரு பொய் சொன்னேன். அண்ணாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் திருப்பி எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

ஆடியிலேயே பெயின்ட் அடித்துவிடலாம் என்று ஷெட்காரர் சொல்லியிருந்தார். காற்று ஈரமில்லாமல் அடிக்கிறது, வெயிலும் இருக்கிறது, இதுதான் நேரம் என்றார். அம்மா கேட்கவில்லை. பெண்டாட்டியை அழைத்துவரப் போகிற காரியத்தை ஆடியிலா ஆரம்பிப்பது? ஆவணி டயரோடு போயிற்று. புரட்டாசியில் மகாளயபட்சம் என்றாள். கடைசியில் பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஐப்பசியில் நட்சத்திரமும் திதியும் அண்ணாவின் ராசிக்குப் பொருந்துகிற ஒரு நாளைப் பிடித்தாள். காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள்.

அந்த நாள் விடிந்ததே இருட்டாக. விடிகாலையிலிருந்து தூறல். பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு விட்டிருந்ததால் நானும் ஷெட்டுக்குப் போனேன். அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழமும் குங்குமமும் என் பையில் இருந்தன.

"சார், வேணாம் சார். வானம் மூடிக்கினு கீது. இந்த ஈரத்துல அடிச்சா வெள்ளையா பூத்துடும்."

"நல்ல நேரம் பத்தரையோட முடியறது" என்றான் அண்ணா.

"நேரம் நல்லாத்தான் கீது. காத்து நல்லால்லியே."

அண்ணா என்னைப் பார்த்தான். கணக்கு டீச்சர், நாலு பேருக்குப் புத்தி சொல்கிறவள், நானும் "அம்மா பார்த்த நாள் ஆச்சே" என்றேன். ஷெட்காரர் இவர்களிடம் பேசிப் பயனில்லை என்கிற மாதிரி வாயில் துணியைக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். குழலிலிருந்து பச்சை சீறிக்கொண்டு வந்தது. ஈரத்தோடு அந்தப் பச்சை பளபளவென்று இருந்தபோது எனக்கே, ஆமாம், இதுதான் அன்றைய நிறம் என்று தோன்றிவிட்டது. அண்ணாவின் கண்ணில் தண்ணீர் நின்றது.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைகிற மாதிரி பச்சைக்கு மேல் ஒரு வெள்ளை படர ஆரம்பித்தது. முதலில் முன் மூடியில், அப்புறம் கதவில். பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கார் மங்கிக்கொண்டு போயிற்று. ஷெட்காரர் வாய்த் துணியை அவிழ்த்தார். திட்டக்கூட இல்லை. "நான் சொன்னேனே சார்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

மறுபடி அடிக்கப் பணமும் இல்லை, அம்மா பஞ்சாங்கத்தில் வேறு நாளும் இல்லை. தேய்த்துத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் கொஞ்சம் தெளியும் என்றார்கள். அண்ணா தினமும் போய்த் தன் கையாலேயே தேய்த்தான். ஒரு மாதம் தேய்த்தான். விரல் நகமெல்லாம் பச்சை. இடது பக்கம் ஓரளவுக்குத் தெளிந்தது. வலது பக்கத்தில் மூட்டம் போகவே இல்லை. "பரவாயில்லை, இடது பக்கம் அவாத்து வாசலைப் பார்க்கற மாதிரி நிறுத்தினா போச்சு" என்றான். எந்தத் தெரு முனையிலிருந்து நுழைந்தால் வீடு இடது கைப்பக்கம் வரும் என்று இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டு வந்தான்.

கார்த்திகைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மார்கழி பிறந்துவிட்டால் நல்ல காரியம் கூடாது என்று அம்மா துரிதப்படுத்தினாள். ஷெட்டிலிருந்து அண்ணா ஓட்ட, நான் பின் ஸீட்டில். மன்னி முன்னால் உட்கார வேண்டும் அல்லவா? சைதாப்பேட்டைப் பாலத்தைத் தாண்டும்போது ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர், "இன்னா நைனா, மாப்ளை இருக்காரு, மேளத்தக் காணோம்?" என்று கத்தினார். அண்ணா வாய்விட்டுச் சிரித்தான். ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

திட்டம் போட்டபடி இடது பக்கம் வாசலைப் பார்க்க நிறுத்தினான். கதவைத் திறந்தது மன்னியின் அப்பா. "வாங்கோ மாப்பிள்ளை" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போனார். மன்னி வந்தாள். குளித்த தலையைத் துண்டால் முடிந்திருந்தாள். கேட்டுக்கு உள்பக்கமே நின்றுகொண்டு காரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நிதானமாகப் பார்த்தாள்.

"நன்னா இருக்கு," என்றாள். "யாரோட கார்?"

அண்ணா சிரித்தான். விளையாடுகிறாள் என்று நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"நன்னா பாரு. தெரியலை? நம்ம ஜானவாசக் கார்!"

மன்னி மறுபடி பார்த்தாள். "அப்படியா?" என்றாள். "எனக்கு எப்படித் தெரியும்? நான் எங்க பார்த்தேன்?"

அவள் குரலில் கோபம் இல்லை. "அன்னிக்கு என்னை உள் ரூம்ல உட்கார்த்தி வெச்சுத் தலை பின்னிண்டிருந்தா. நாயனம் கிட்டக்க வந்தது. நான் எழுந்துண்டேன். கல்யாணப் பொண்ணு வாசப்பக்கம் எட்டிப் பார்க்கப்படாதுன்னு அத்தை தோளை அமுக்கி உட்கார்த்திட்டா. கார் என்ன, நீங்க எறங்கினதைக்கூட நான் பார்க்கலை."

ஜானவாசத்தில் கல்யாணப் பெண் வெளியே வரமாட்டாள். எங்கள் வீடுகளில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். அம்மாவையும் அப்படித்தானே உட்கார்த்தி வைத்திருப்பார்கள்! ஆறு மாதம் சக்கரம், கம்பி, வளையம் என்று மண்டையை உடைத்துக்கொண்டோமே, அந்தக் காரைப் பார்க்காத ஒருத்திக்காகச் செய்கிறோம் என்று ஒருத்தருக்காவது உறைத்ததா?

அண்ணா பேச ஆரம்பித்தான். நிறுத்தத் தெரியாமல் பேசினான். ஈக்காட்டுத்தாங்கல் ஷெட், நொச்சிக்குப்பம் டிரைவர், மாட்டு வண்டி டயர், அம்மா சொன்ன அரக்கு, நான் சொன்ன பச்சை, எல்லாம் சொன்னான். ஒன்றுகூடக் கதை இல்லை, எல்லாம் நிஜம். மன்னி முன்பு மாதிரியே பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"இத்தனை பேரைக் கேட்டிருக்கேள்," என்றாள் கடைசியில். "டிரைவரைப் போய்த் தேடிக் கேட்டிருக்கேள். என்னை ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலையா?"

"உனக்குத் தெரியாம செய்யணும்னு..."

"ஆமாம். எல்லாமே எனக்குத் தெரியாமத்தான்."

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "பதில் சொல்லிட்டேள்னா இந்த ஈரத் தலையோடவே ஏறி உட்கார்ந்துக்கறேன். பெட்டியை அப்பா அப்புறம் கொண்டு வரட்டும். எனக்கு என்ன கலர் பிடிக்கும்?"

அண்ணா அவள் புடவையைப் பார்த்தான். பழுப்பில் கட்டம் போட்டது. அதைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, எடுத்தது நாங்கள். அவள் எங்கள் வீட்டில் கட்டிக்கொண்ட புடவைகளில் ஒன்றைக்கூட அவள் எடுத்ததில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மாவும் நானும் அதே தி.நகருக்கு வந்து, அவளுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவோம். பிரித்துக் காட்டுவோம். "நன்னா இருக்கு" என்று வாங்கி வைத்துக்கொள்வாள்.

அண்ணா என் பக்கம் திரும்பினான். எட்டு வருஷம் நானும் அவளும் ஒரே பீரோவில் துணி வைத்துக்கொண்டோம். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன்.

மன்னி காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை. தப்பாகவாவது அவன் ஏதோ ஒன்றைச் சொல்லியிருந்தால் வந்திருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாலு மாதம் தினமும் இல்லாத ஆபீஸை நடத்திக் காட்டினவன், அன்றைக்கு ஒரு நிறத்தின் பெயரைச் சொல்ல முடியாமல் நின்றான்.

"சரி, பார்த்துப் போங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

திரும்பி வரும் வழியில் நான் முன் ஸீட்டில் உட்கார்ந்தேன். பனகல் பார்க் தாண்டினதும், "அண்ணா, பச்சைன்னு எனக்கு ஞாபகமே இல்லை. பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்" என்றான். "நன்னா ஞாபகம் இருக்குன்னு உன்னை மாதிரி வேற யாரும் அடிச்சுச் சொல்லலை. அதான் எடுத்துண்டேன்."

மன்னி திரும்பி வரவில்லை. பரீட்சை எழுதித் தி.நகரிலேயே ஒரு பாங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். காரைக் கல்யாணங்களுக்கு விடுகிற ஒருவர் வாங்கிக்கொண்டு போய், முதல் வேலையாகத் தகட்டுச் சக்கரம் மாட்டி வெள்ளை அடித்தார். அண்ணாவுக்குப் பிற்பாடு ஒரு அச்சாபீஸில் சுமாரான வேலை கிடைத்தது. அம்மாவுக்கு அப்புறம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

சாப்பிட்டுக்கொண்டே இருப்பான், திடீரென்று கையை நிறுத்திக்கொண்டு, "வெளிர் மஞ்சளா இருக்குமோ?" என்பான். எதைப் பற்றி என்று நான் கேட்க வேண்டியதில்லை. "தெரியாதுண்ணா" என்பேன். இரண்டு மாதம் கழித்து, "ஊதா?" என்பான். வருஷக்கணக்காக இப்படி. ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரே பஸ், இருபது நிமிஷம். பாங்க் வாசல்ல நின்னு அவளையே கேட்டுட்டுத்தான் வாயேன்!" என்று கத்திவிட்டேன்.

"கேக்கலாம்" என்றான். மோரை விட்டுக்கொண்டு, சாதத்தைப் பிசைந்து, சாப்பிட்டு எழுந்தான். போய்க் கேட்கவே இல்லை.